பச்சை நூலும் கறுப்புத் தாடியும்: கல்லடித் தொட்டிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

எழுவான்கரை (ஜூலை 3)

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே எங்கள் வீடு. அண்ணா கத்தாருக்குப் போகும்போது தன்னுடைய மீன் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். அவர் காலத்தில் அதற்குள் பிளாஸ்டிக் செடியும் ஒரு சின்ன மாளிகையும்தான். உயிர்ச்செடி வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். ஏப்ரலில் தொடங்கினேன், இப்போது மூன்று மாதம்.

செய்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். கடற்கரை மண்ணை ஏழு தரம் கழுவி இரண்டு அங்குலத்துக்குப் போட்டேன். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். குடிக்க நல்லதுதான், ஆனால் கேத்திலில் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஹாட்வெயார் கடையில் 30 வொட் பிளட் லைற் ஒன்று வாங்கித் தொட்டிக்கு மேலே அரை அடியில் கட்டினேன். விடிய எழும்பிப் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன். போதாதற்குக் கிழக்கு ஜன்னல்.

செடி: நகரத்தில் ஒரு கடையில் கடும் சிவப்பில் ஒரு கட்டு வாங்கினேன். என் கணவர் பார்த்துவிட்டு “இது பொன்னாங்காணி மாதிரிக் கிடக்கு, வறை வறுப்போமா” என்றார். இரண்டு அனுபியஸ், மூன்று வலிஸ்நேரியா, மெத்தை மாதிரிப் படரும் என்று சொல்லி விற்ற ஒரு புல். அப்புறம் அப்பா படுவான்கரையில் வயலுக்குப் பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு பை நிறைய ஹைட்ரில்லா கொண்டுவந்தார்.

அப்பாதான் அடுத்த வேலையும் செய்தார். சிவப்புச் செடி மஞ்சளடிப்பதைப் பார்த்துவிட்டு, “நெல்லு மஞ்சளடிச்சா யூரியா போடுறதுதானே” என்று ஒரு கிள்ளு போட்டுவிட்டார். அன்றிரவு ஒன்றும் தெரியவில்லை. விடியப் பார்த்தால் கப்பி எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பன்னிரண்டில் மத்தியானத்துக்குள் ஐந்து போய்விட்டது. நாலாம் நாள் தண்ணீர் கீரைக்கடையல் நிறம். அப்பா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் ஊற்றி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவி, மீண்டும் தொடங்கினேன். இப்போது ஹைட்ரில்லாவைச் சுற்றிப் பச்சை நூல், ஒரு சாண் நீளம். பில்டர் வாயிலும் அனுபியஸ் இலை ஓரத்திலும் கறுப்பாக, தாடி மயிர் மாதிரிக் கொத்துக் கொத்து. கையால் இழுத்தால் இலைதான் கிழிகிறது.

விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் செடிக்கே திரும்புவதா? பாசி தின்னும் மருந்து ஏதும் இருக்கிறதா?

---

புளியந்தீவுத் தம்பி (ஜூலை 3)

அக்கா, டேங்க் கிளீனர் மீன் ஒன்று வாங்கிப் போடுங்க. ஒரு கிழமையில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும்.

---

தறிக்காரன் (ஜூலை 4)

தங்கச்சி, தொட்டியை மூடவேண்டாம். டேங்க் கிளீனரும் வேண்டாம். தம்பி கோபிக்கக்கூடாது. அது கடையில் விரல் நீளத்தில் இருக்கும், வளர்ந்தால் ஒன்றரை அடி. உங்கள் தொட்டியே இரண்டு அடிதான். கண்ணாடியில் படிந்ததைக் கொஞ்சம் நக்கும், நூல் பாசியையும் கறுப்பையும் திரும்பியும் பார்க்காது. தின்பதைவிடக் கழிப்பது அதிகம். பெருத்தபின் மனம் கேளாமல் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள், அது வேறு வினை.

நான் மருதமுனை. தறியில் முப்பது வருடம் இருந்தவன். கண் மங்கியபின் தறியை மகன் பார்க்கிறான், நான் மீன் பார்க்கிறேன். எங்கள் வேலையில் நூலைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பதுதான் கூட. பாசிக்கும் அதுதான். கொஞ்சம் எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டுங்கள். சளி மாதிரி வழுக்கி, இழுத்தவுடன் அறுந்தால் அது ஸ்பைரோகைரா. தும்பு மாதிரிச் சொரசொரவென்று, கிளை கிளையாக, இழுத்தாலும் அறாமல் நின்றால் கிளாடோபோரா. முன்னது வெளிச்சத்துக்கும் அமோனியாவுக்கும் பிறந்த பிள்ளை, அவை குறைந்தால் தானே போகும். பின்னதைக் கையால் எடுத்தே தீரவேண்டும். உங்கள் கதையைப் பார்த்தால் முன்னது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் உருட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கறுப்புத் தாடி வேறு சாதி. பார்க்கத்தான் கறுப்பு, பிறப்பில் அது செம்பாசி. நம்பாவிட்டால் பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டில் ஒரு கொத்தைப் போட்டு வையுங்கள். பச்சைச் சாயம் கழன்று, உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே வரும். சாயம் போகிற துணியை எத்தனையோ பார்த்தவன், எனக்கே முதல் தரம் பார்த்தபோது சிரிப்பு வந்தது.

இனி ஒவ்வொன்றாக.

வெளிச்சம்தான் பெரிய பிழை. உங்கள் தொட்டி ஏறத்தாழ 55 லீற்றர். 30 வொட் எல்ஈடி என்றால் வெளிச்சம் 2,500 லூமனுக்குக் குறையாது, லீற்றருக்கு 45க்கு மேல் வருகிறது. காபனீரொட்சைட்டு வாயு கொடுக்காத தொட்டிக்கு லீற்றருக்கு 15, 20 லூமன் தாராளம். அதையும் நீங்கள் பதினாறு மணித்தியாலம் கொடுக்கிறீர்கள். வெளிச்சம் என்பது செடிக்கு வேலை. வேலையை ஏவிவிட்டுச் சோறு போடாவிட்டால் ஆள் படுத்துவிடுவான். செடி படுத்த இடத்தில் பாசி எழும்பும், அதற்குக் கொஞ்சச் சோறே போதும். லைற்றை ஒன்றரை அடிக்கு உயர்த்துங்கள். நுளம்பு வலைத் துண்டை இரண்டாக மடித்துத் தொட்டியின் மேல் கண்ணாடியில் விரியுங்கள், லைற்றில் முட்டக்கூடாது, அது சுடும். ஒரு ரைமர் வாங்கி ஆறு மணித்தியாலத்துக்கு வையுங்கள். ஜன்னல் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே ஒரு மட்டை ஒட்டுங்கள். நான் சாறன் துண்டுதான் தொங்கவிட்டிருக்கிறேன்.

அடுத்தது மண். கடற்கரை மண்ணை ஏழு தரம் அல்ல, எழுபது தரம் கழுவினாலும் அதிலுள்ள ஊரியும் சிப்பித் தூளும் போகாது. ஒரு கரண்டி மண்ணை எடுத்து வினாகிரி ஊற்றுங்கள். சோடா மாதிரிப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அது தொட்டிக்குள் மெல்ல மெல்லக் கரையும். உங்கள் கிணறு முன்னமே கடினம், கேத்தில் சாட்சி. அதற்குமேல் இது.

கடினத் தண்ணீர் கெட்டது என்று சொல்லவில்லை. மொலிக்கும் கப்பிக்கும் அது சொந்த வீடு. ஆனால் அந்தத் தண்ணீரில் கரைந்த காபனீரொட்சைட்டு மிகக் குறைவு, காபன் எல்லாம் பைகாபனேற்று என்ற வடிவில் பூட்டிக் கிடக்கும். சில செடிக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியும்: வலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹோர்ன்வோர்ட். சில செடிக்குத் தெரியாது. உங்கள் சிவப்புக் கட்டும் மெத்தைப் புல்லும் வாயு கொடுத்து வளர்க்கிற செடிகள், இந்தத் தண்ணீரில் பட்டினிதான். மாப்பிள்ளை சொன்னது பகிடி இல்லை, உண்மை. அந்தச் சிவப்பு ஓல்டர்நன்தெரா, நாம் வறை வறுக்கிற பொன்னாங்காணியின் இனம். தண்ணீருக்கு வெளியே வளர்த்துக் கடைக்கு வருவதும் உண்டு. தொட்டியில் இட்டதும் பழைய இலை அழுகும், அந்த அழுகலே பாசிக்கு விருந்து. பிடுங்கி முற்றத்தில் நடுங்கள்.

அதன் இடத்துக்குக் கிரிப்டோகோரைன் வென்டியை வாங்குங்கள். உலகம் முழுக்கத் தொட்டிகளில் நிற்கிற இந்தச் செடி இலங்கைக்கே உரியது, வேறெங்கும் இயற்கையில் இல்லை. நிழல் ஓடைகளில் வளர்வது. 1958இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். குறைந்த வெளிச்சம் போதும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நட்ட இரண்டாம் கிழமையில் இலையெல்லாம் கரைந்து கஞ்சியாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், ஒரு மாதத்தில் முளைக்கும். நான் முதல் தரம் வாங்கியதை அப்படித்தான் எறிந்தேன்.

பில்டர் பஞ்சு. குழாயடியில் பிழிந்தீர்கள் என்று வாசித்தபோது நெஞ்சு பதறியது. அமோனியாவைத் தின்கிற பக்றீரியா குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் அதைக் கொல்லும், கிணற்றுத் தண்ணீர் என்றாலும் பிழிந்த பிழியில் பாதி போயிருக்கும். இனிமேல் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதற்குள் இரண்டு தரம் மெல்ல அமுக்கி எடுங்கள். அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

மருந்து கேட்டீர்கள். கறுப்புக்கு மட்டும் ஒன்று உண்டு: பாமசியில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு. பில்டரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும் சிறிஞ்சில் எடுத்துக் கொத்தின் மேலேயே மெதுவாக விடுங்கள். 10 லீற்றருக்கு 2 மில்லிலீற்றருக்கு மேல் போகவேண்டாம், உங்கள் தொட்டிக்கு ஒரு நாளில் 10 போதும். பத்து நிமிடம் கழித்துப் பில்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு, ரோஸ் நிறமாகும். அப்புறம் வெளுக்கும். மொஸ் மாதிரி மெல்லிய செடிகளில் படவிடாதீர்கள், இறால் வைத்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதல் கிழமை வெளிச்சம் மட்டும். மறுகா மண். மண் மாற்றுகிற கிழமை பஞ்சைத் தொடக்கூடாது.

---

வந்தாறுமூலை (ஜூலை 4)

தறிக்கார நானா எல்லாம் சொல்லிவிட்டார். யூரியா பற்றி மட்டும் ஒரு வரி, விவசாயம் படிக்கிறவள் என்பதால். வயலில் யூரியா அமோனியாவாக மாறினால் மண் பிடித்துவைக்கும், பயிர் எடுக்கும். 55 லீற்றர் தண்ணீரில் பிடித்துவைக்க யாருமில்லை. அதோடு தண்ணீர் காரமாகவும் சூடாகவும் இருந்தால் அமோனியா நச்சு வடிவத்தில் கூடுதலாக நிற்கும். கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் உங்கள் தொட்டி 30 பாகைக்குக் கீழே போயிருக்காது. மென்மையான தண்ணீரில், மார்கழி மழையில் போட்டிருந்தால் செத்ததில் இரண்டு மீனாவது தப்பியிருக்கும். அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் நினைத்ததில் பிழையில்லை, இடம்தான் பிழை. மேசை மின்விசிறியைத் தண்ணீர் மட்டத்துக்குக் குறுக்கே வீசவிட்டால் இரண்டு பாகை இறங்கும். தண்ணீர் வற்றும், பார்த்து நிரப்புங்கள்.

---

வயல்வெளி (ஜூலை 6)

சம்மாந்துறையிலிருந்து. வெளிச்சம் பற்றி நானா சொன்னதை நான் படிக்காமலே படித்தவன். 2022இல் கரண்ட் வெட்டின காலம் நினைவிருக்கும்தானே, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம். அப்போது என் தொட்டியில் நூல் பாசி ஒரு கூடை. தொட்டியைக் கவனிக்க யாருக்கு மனம் இருந்தது, காஸ் வரிசையில் நின்றோம். சித்திரை முடிந்து பார்க்கிறேன், பாசியைக் காணோம், வலிஸ்நேரியா மட்டும் நிற்கிறது. பில்டர் நின்ற இரவுகளில் மூன்று பெரிய மீன் மூச்சுமுட்டிச் செத்ததும் உண்மை. வெளிச்சத்தைக் குறையுங்கள், காற்றை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. யூடியூப்பில் சீனியும் ஈஸ்டும் போட்ட போத்தலில் வாயு எடுக்கலாம் என்பார்கள். நம் வெக்கைக்கு ஈஸ்ட் பைத்தியம் பிடித்த மாதிரி இரண்டு நாள் பொங்கும், ஐந்தாம் நாள் செத்துப்போகும். வாயு ஏறி இறங்குவது கறுப்புத் தாடிக்குத்தான் பிடிக்கும். எனக்கு ஒரு நாள் போத்தல் பொங்கி, நுரையெல்லாம் ரியூப் வழியே தொட்டிக்குள் போய்த் தண்ணீர் பால் நிறம். வீடு முழுக்கக் கள்ளுத் தவறணை வாசம். எங்கள் வீட்டில் அந்த வாசத்துக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

---

எழுவான்கரை (ஜூலை 7)

நானா, உருட்டிப் பார்த்தேன். வழுக்குகிறது, இழுத்தால் அறுகிறது. ஸ்பைரோகைராதான். பழைய பல்துலக்கும் பிரஸ் ஒன்றை உள்ளே விட்டுச் சுற்றினேன், பஞ்சு மிட்டாய் மாதிரி அப்படியே சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு கோப்பை நிறைய.

மண்ணுக்கு வினாகிரி ஊற்றியபோது மகளும் பக்கத்தில் நின்றாள். கரண்டியில் விட்டதும் ஸ்ஸ் என்று பொங்கி விளிம்பால் வழிந்தது. “அம்மா, மண் சோடா குடிக்குது” என்றாள். அதற்குப் பிறகு வீட்டிலிருக்கிற எல்லாவற்றுக்கும் வினாகிரி ஊற்றிப் பார்த்துவிட்டாள். கோழிமுட்டைக் கோதும் பொங்கியதாம், தலையணை பொங்கவில்லையாம்.

ஹைட்ரில்லாவோடு ஒரு மண்நிறப் பூச்சியும் வந்திருக்கிறது, ஆறு கால், தட்டையான வயிறு. கப்பிக் குஞ்சுகள் குறைந்துகொண்டே போகின்றன. அதுவா?

---

தறிக்காரன் (ஜூலை 7)

அதுதான். தும்பிக் குடம்பி. முகமூடி மாதிரி மடித்துவைத்த தாடையை எறிந்து பிடிக்கும், ஒரு நாளைக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணமுடியாது. கரண்டியால் எடுத்துக் குளத்திலேயே விடுங்கள். இனிக் குளத்துச் செடியை ஒரு கிழமை பேசினில் தனியே வைத்து, தண்ணீர் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குள் விடவேண்டும். வயல் பக்கத்து வாய்க்கால் செடி என்றால் அப்பாவிடம் எப்போது மருந்தடித்தது என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கட்டட வேலைக்கு வருகிற ஆற்று மண் இரண்டு வாளி பார்த்து வையுங்கள். அதற்கும் வினாகிரி. மகளே ஊற்றட்டும்.

---

எழுவான்கரை (ஓகஸ்ட் 18)

ஆறு கிழமை. வெளிச்சம் ஆறு மணித்தியாலம், பின்னேரம் நாலு முதல் பத்து வரை, நாங்கள் வீட்டில் இருக்கிற நேரம். நுளம்பு வலை இரண்டு மடிப்பு. முதல் பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை, நானாவைத் திட்டினேன், மன்னிக்கவும். பிறகு பிரஸ்ஸில் சுற்றுவது கோப்பையிலிருந்து கரண்டியாகக் குறைந்தது. இப்போது தேடித்தான் எடுக்கவேண்டும்.

மண் மாற்றினேன். மீன்களைப் பேசினில் விட்டு, பில்டரையும் அவற்றோடு ஓடவிட்டேன். வலிஸ்நேரியா முதலில் பாதி இலை கரைந்தது, பிறகு மண்ணுக்குள்ளால் ஓடி மூன்றிலிருந்து பதினொன்றாகிவிட்டது. கிரிப்டோகோரைன் நீங்கள் சொன்னபடியே பதின்மூன்றாம் நாள் கஞ்சியானது. பிடுங்கவில்லை. நேற்று நடுவில் சுருண்டபடி ஒரு இலை, ஊசி மாதிரி, கபில நிறம். ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். அப்பாவுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், “இதுக்கு என்ன போட்டாய்” என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றேன், நம்பவில்லை.

பேரொட்சைட்டு மூன்று தரம் விட்டேன். அனுபியஸில் கறுப்பு ரோஸாகி வெளுத்து, கப்பிகளே அதைக் கடித்துத் தின்றன. சிவப்புச் செடி முற்றத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் கொழுத்து நிற்கிறது, கணவர் தினமும் அதைப் பார்க்கிற பார்வைதான் சரியில்லை.

மிச்சம் இரண்டு. பில்டர் வாயில் ஒரு கறுப்புக் கொத்து மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. ஹைட்ரில்லா கிழமைக்கு ஒரு வாளி வெட்டி எடுக்கிறேன், வாவியில் கொண்டுபோய்க் கொட்டலாமா?

---

தறிக்காரன் (ஓகஸ்ட் 19)

பில்டர் வாய்க் குழாய் கழரும்தானே. கழற்றி, மோட்டரை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் ஒரு இரவு வினாகிரியில் போட்டு, விடியப் பிரஸ்ஸால் தேய்த்துக் கழுவிப் பூட்டுங்கள். அது மீண்டும் வரும், நீரோட்டம் வேகமாக அடிக்கிற இடம் அதற்குப் பிடித்த இடம். மாதத்துக்கு ஒரு தரம் இப்படிக் கழற்றுவதைப் பழக்கமாக்குங்கள், நானும் அப்படித்தான்.

வாவியில் வேண்டாம், வாய்க்காலிலும் வேண்டாம். மழை தொடங்கினால் ஆற்றுவாழை கூட்டம் கூட்டமாக வாவியில் இறங்குவதைப் பாலத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். அதுவும் 1905இல் அழகுக்கென்று இந்த நாட்டுக்குள் கொண்டுவந்த செடிதான். 1909இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள், நூறு வருடம் தாண்டியும் அள்ளிக்கொண்டிருக்கிறோம். ஹைட்ரில்லா ஒரு கணு இருந்தால் முளைக்கும். முற்றத்து மணலில் இரண்டு நாள் வெயிலில் பரப்பினால் தாள் மாதிரிக் காய்ந்துவிடும், அதை முருங்கை அடியில் போடுங்கள். சுற்றி எடுக்கிற பாசியையும் அங்கேயே போடுங்கள்.

அந்தக் கிரிப்டோகோரைன் மூன்று இலை விட்டதும் ஒரு படம் போடுங்கள்.